நாய்ப் பூங்கா: வேலி போடுவதற்கு முன்

மாநகராட்சிப் பூங்காவில் ஒரு மூலையை வேலி போட்டு, நாய்களை அவிழ்த்துவிட ஒதுக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் போதும். அந்த வாரமே தெரு இரண்டாகிவிடும். வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பக்கம் கடிபட்ட காலின் படம் வரும், மறுபக்கம் வாலாட்டும் லாப்ரடாரின் வீடியோ வரும். பொங்கலுக்குக் கரும்பும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் கொடுத்து வாங்கியவர்கள் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் நடக்கிற சண்டையில்கூட இவ்வளவு கசப்பு சேராது. ஒருவர் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்கும் உயிரை இன்னொருவர் 'சனியன்' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சமாதானமும் சுலபமில்லை.

ஆகவே கூட்டத்தை நடத்துபவருக்கு முதல் விதி: நாய் நல்லதா கெட்டதா என்ற பேச்சை எடுக்கவே விடாதீர்கள். அதில் யாரும் யாரையும் மாற்றியதில்லை. பேச வேண்டியவை இடம், நேரம், சாவி, துடைப்பம். எத்தனை சதுர அடி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கதவை யார் பூட்டுவது, மலத்தை யார் அள்ளுவது. இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இருந்தால் நாய் பிடிக்காதவர்கூட ஒத்துக்கொள்ள வழி உண்டு. இல்லாவிட்டால் வேலி வந்த மூன்றாவது மாதம் நாய் வளர்ப்பவர்களே அந்தப் பக்கம் வர மாட்டார்கள். இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் சென்னையை மனதில் வைத்தவை. மற்ற மாநகராட்சிகளில் கட்டணமும் அலுவலர் பதவிப் பெயரும் மாறலாம், சண்டை மாறாது.

மண் யாருடையது?

பூங்கா என்று பலகை இருக்கும் இடமெல்லாம் ஒரே வகை நிலம் இல்லை. மாநகராட்சியே அமைத்தது ஒரு வகை. மனைப்பிரிவு போட்டவர் ஒதுக்கிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் இன்னொரு வகை. அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் புல்வெளி மூன்றாவது; அது உள்ளே வீடு வைத்திருப்பவர்களின் பொதுச் சொத்து, அதில் மாநகராட்சிக்கு வேலை குறைவு.

சண்டை வருவது பெரும்பாலும் இரண்டாவது வகையில். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் நிலம் எதற்காக என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் வேலிக்குக் கொட்டேஷன் வாங்காதீர்கள். பத்திரம் கைக்கு வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான்: இந்த நிலம் எந்த நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டது, இப்போது எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராகப் பார்க்கும் என்பதற்குப் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு உதாரணம். பூங்காவுக்கான இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் போனார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மருத்துவமனைக்கே அந்தக் கதி. வேலி போட்ட மண்தரை திறந்தவெளியாகத்தானே இருக்கிறது என்று நாய்ப் பூங்காவுக்கு வாதாடலாம், அது நியாயமான வாதமும்கூட. ஆனால் அங்கே கட்டணக் கவுன்ட்டரும் குளிப்பாட்டும் அறையும் காபிக் கடையும் முளைத்தால் அந்த வாதம் நிற்காது. கட்டடம் என்ற பேச்சே வேண்டாம்.

பதினெட்டு கிரவுண்டு இருக்கிறதா?

அமெரிக்கன் கென்னல் கிளப் நாய்ப் பூங்காவுக்குச் சொல்லும் அளவு ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ. நம் கணக்கில் பதினெட்டு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். இந்தியாவின் முதல் நாய்ப் பூங்கா என்று சொல்லப்படும் ஹைதராபாத் கொண்டாப்பூர்ப் பூங்கா 2018இல் திறக்கப்பட்டது, 1.3 ஏக்கர், செலவு சுமார் 1.1 கோடி ரூபாய். பணத்தைவிட முக்கியமான விஷயம், அது முன்பு குப்பை கொட்டிக் கிடந்த இடம். குப்பை மேட்டைக் காப்பாற்ற யார் கொடி பிடித்து வரப்போகிறார்கள்?

உங்கள் வார்டில் அப்படி ஓர் இடம் இருந்தால் அதையே கேளுங்கள். மேம்பாலத்துக்கு அடியில், நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், மயானச் சுவரை ஒட்டி என்று யாரும் தேடாத நிலம் எங்கேயாவது இருக்கும். அது இல்லாமல், ஐந்தாறு கிரவுண்டுப் பூங்காவில் பாதியை வெட்டிக் கேட்பதாக இருந்தால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அது வேண்டாம். சின்ன இடத்தில் அடைபட்ட நாய்கள் ஓடுவதைவிட மோதுவதுதான் அதிகம். நடைபாதையின் வளைவு போய்விடும். பூங்காவை இழந்தவர்கள் தினமும் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அந்தக் கோபம் ஆறாது.

அங்கே வேலிக்குப் பதில் கடிகாரத்தைப் பயன்படுத்தலாம். நியூயார்க்கின் கதை இதற்குப் பயன்படும். அங்கே முதல் நாய் ஓட்டவெளி டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் 1990இல் வந்தது. ஆனால் நகரின் பெரும்பாலான நாய்களுக்கு வழி செய்தது வேறு ஏற்பாடு: பல பூங்காக்களில் இரவு 9 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று பல ஆண்டுகளாக அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. 2006இல் குவீன்ஸ் பகுதியின் ஜூனிப்பர் பார்க் சிவிக் அசோசியேஷன் வழக்குப் போட்டது. வழக்கில் நகரம்தான் வென்றது. ஆனாலும் அதற்குப் பிறகுதான் வாய்வழக்கம் முறையான விதியானது. உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்பட்டது. எதிர்த்தவர்கள் தோற்றார்கள், அவர்கள் போட்ட வழக்கால் ஏற்பாடு உறுதிப்பட்டது. உங்கள் தெருவில் எதிர்த்துப் பேசுபவரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஓட்டைகளை இலவசமாகக் கண்டுபிடித்துச் சொல்பவர் அவர்.

நம் ஊரில் அந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காலை ஐந்து முதல் எட்டு வரை பூங்கா நடப்பவர்களுக்கும் யோகாசனக் குழுக்களுக்கும் சொந்தம். மாலை குழந்தைகளுக்கு. மிஞ்சுவது நடையர்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு மணி நேரம், இரவு உணவு நேரத்தில் ஒன்றரை மணி நேரம். நண்பகலில் பல பூங்காக்கள் பூட்டித்தான் கிடக்கின்றன என்று சிலர் அந்த நேரத்தைக் காட்டுவார்கள். சித்திரை வெயிலில் சிமென்ட் நடைபாதையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நாயின் பாதம் அதைத்தான் மிதிக்கும். இரவு பத்தைத் தாண்டக் கூடாது. இரைச்சல் மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபல். ஒரு நாய் குரைத்தாலே அது போய்விடும்.

இன்னொரு முக்கியமான தடை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்குப் பிறகு பூங்காவுக்குக் கூட்டிவரும் நாய்க்கு உரிமம், கழுத்துக் கயிறு, வாய்மூடி ஆகியவை கட்டாயம் என்று மாநகராட்சி அறிவித்தது. எனவே சங்கம் தீர்மானம் போட்டுவிட்டதாலேயே யாரும் கயிற்றை அவிழ்க்க முடியாது. மாநகராட்சியின் பூங்காத் துறையிடமிருந்து இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்ட எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மாமன்ற உறுப்பினர் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னது அனுமதி ஆகாது.

கூட்டத்துக்கு வராதவர்கள்

நாய்ப் பூங்கா மனுவில் ஐம்பது கையெழுத்து இருக்கும். எதிர் மனுவில் எண்பது இருக்கும். இரண்டையும் கீழே வைத்துவிட்டு, இரண்டிலும் இல்லாதவர்கள் யார் என்று யோசியுங்கள். உண்மையில் அந்த மூலையைப் பயன்படுத்துபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

முதலில் பையன்கள். பக்கத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து ஸ்டம்புக்குச் செங்கல் அடுக்கி கிரிக்கெட் ஆடுபவர்கள். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, லெட்டர்ஹெட் கிடையாது. ஒருநாள் வந்து பார்க்கும்போது கம்பிவேலி இருக்கும், அவ்வளவுதான். அந்த மூலை 'காலியாக' இருக்கிறது என்று மனுவில் எழுதியவர் காலை ஏழு மணிக்குப் பார்த்திருப்பார். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

பிறகு பூங்கா ஊழியர். தோட்டக்காரரோ காவலாளியோ, பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர். வேலி வந்தால் அவருக்கு இரண்டு வேலை கூடும், சம்பளம் கூடாது. கூட்டத்தில் அவரிடம் யாரும் கேட்பதில்லை. தனியாகப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இந்தக் கதவை நீங்க பூட்டணும்னா எத்தனை மணிக்கு வசதிப்படும்?" என்று கேளுங்கள். திட்டம் நடக்குமா நடக்காதா என்பது அவர் பதிலில் இருக்கும்.

வீட்டு வேலை செய்யும் பெண்கள் இன்னொரு கூட்டம். பல வீடுகளில் நாயைக் கூட்டிப் போவது அவர்கள்தான். நாற்பது கிலோ ஜெர்மன் ஷெப்பர்டை நாற்பத்தைந்து கிலோ அக்கா பிடித்துக்கொண்டு போகிறார். அவரால் அதை அடக்க முடியாது என்று முதலாளியிடம் சொல்லவும் முடியாது. ஒரு விதியாகவே எழுதுங்கள்: வேலிக்குள் நாயோடு வருபவர் உரிமத்தில் பெயர் உள்ளவராகவோ அந்த வீட்டின் வயதுவந்த உறுப்பினராகவோ இருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்கு நாய் வளர்ப்பவர்களிடமிருந்து எழும் எதிர்ப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து எழும் எதிர்ப்பைவிடப் பெரிதாக இருக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பள்ளிவாசல் பக்கத்துத் தெரு என்றால் வழியையும் கணக்கில் எடுங்கள். நாயின் எச்சில் ஆடையில் பட்டால் தொழுகைக்கு முன் அந்த இடத்தைக் கழுவ வேண்டும் என்பது பல முஸ்லிம்களின் நடைமுறை. அவருக்கு நாய் மேல் வெறுப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பீகிள் பாசத்தோடு தாவினால் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். நாய்களுக்கான கதவை வேறு தெருப் பக்கம் வைத்தால் பிரச்சினையே எழாது. வரைபடம் போடும்போதே கேட்டால் செலவில்லை. கதவு வைத்த பிறகு கேட்டால் மதச் சண்டை.

பயத்தோடு பேசுவது எப்படி

நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம், "எங்க டைகர் ஒண்ணும் பண்ணாது." கேட்பவர் காதில் அது, "உங்க பயம் எனக்கு முக்கியமில்லை" என்றுதான் விழும். சின்ன வயதில் கடிபட்டு அந்தக் காலத்துத் தொப்புள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாயின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

இப்படிப் பேசிப் பாருங்கள்:

"அங்கிள், நீங்க காலைல எத்தனை மணிக்கு வாக்கிங் போறீங்க?"

"ஆறுலேருந்து ஏழு. எதுக்கும்மா?"

"அந்த நேரத்துல நான் டைகரைக் கூட்டிட்டு இந்தக் கேட்டுப் பக்கமே வர மாட்டேன். எட்டரைக்கு மேலதான்."

"உன்னை நம்பறேன்மா. அந்த சி பிளாக் பையன் இருக்கானே, அவன் கயிறே கட்டறதில்லை."

பேச்சு நாயிலிருந்து கயிற்றுக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். கயிற்றுக்கு விதி எழுதலாம். எதிர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "நாய் வெச்சிருக்கறவங்க எல்லாம் இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். எந்த நாய், எந்த நாள், எந்த இடம் என்று சொல்லுங்கள். பொதுவான குற்றச்சாட்டுக்குப் பதில் கோபமாகத்தான் வரும்.

தடை போட்டுவிடலாம் என்ற யோசனையும் வரும். பெங்களூரு கப்பன் பூங்காவில் 2022இல் தோட்டக்கலைத் துறை அப்படித்தான் நாய்களுக்குத் தடை அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பி, தடை நிறுத்திவைக்கப்பட்டது. அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். பெரும்பான்மை இருந்தாலும் வீட்டு நாய்க்கு ஒட்டுமொத்தத் தடை போட முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு. நேரம் ஒதுக்கலாம், கயிறு கட்டச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் சங்கத் தலைவர் வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்.

மலம், மண், மழை

கூட்டத்தில் எல்லோரும் கடியைப் பற்றியே பேசுவார்கள். ஆறு மாதம் கழித்துத் திட்டத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நாற்றம்தான்.

டாக்சோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டை நாய் மலத்தில் வெளியேறும். மண்ணில் விளையாடும் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குள் போனால் கண்ணையும் ஈரலையும் பாதிக்கக்கூடிய புழு இது. புதிதாக விழுந்த மலத்தில் இருக்கும் முட்டைக்குத் தொற்றும் திறன் கிடையாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்றிய பிறகே அது ஆபத்தாகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக, அன்றைய மலத்தை அன்றே அள்ளினால் சங்கிலி அறுந்துவிடுகிறது. 'வாரம் ஒருமுறை சுத்தம் செய்யப்படும்' என்று தீர்மானத்தில் எழுதினால் அந்த வாரத்தில் பெய்யும் ஒரு மழை போதும், மலம் மண்ணோடு கலந்துவிடும். பிறகு அள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது, முட்டை மட்டும் இருக்கும்.

அள்ளுபவர் நாயின் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் தலையில் இதைக் கட்டும் எந்த ஏற்பாட்டையும் சங்கம் ஏற்கக் கூடாது. பழைய செய்தித்தாளும் ஒரு சின்ன மண்வாரியும் போதும், விலை உயர்ந்த பைகள் தேவையில்லை. மூடியுள்ள தனித் தொட்டி வேண்டும். மலத்தை மக்கும் குப்பையோடு சேர்த்து உரக்குழியில் போடக் கூடாது, அந்த உரம் யாருடைய மாடித் தோட்டத்துக் கீரைக்கோ போகும்.

சிறுநீர் பட்டு புல் கருகும், அதில் இருக்கும் நைட்ரஜன் அப்படி. பச்சைப் புல்வெளி என்ற கனவை முதலிலேயே கைவிட்டு ஆற்றுமணலோ கெட்டித்த மண்ணோ போடுங்கள். செயற்கைப் புல் விற்பவர்கள் வருவார்கள்; நம் வெயிலில் அது தோசைக்கல். வேப்ப மரமோ புங்கையோ ஏற்கெனவே நிற்கும் மூலையாகப் பார்த்தால் நல்லது. தண்ணீர் வடியும் திசை மணற்பெட்டிக்கும் ஊஞ்சலுக்கும் போகக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள என்ஜினீயர் வேண்டியதில்லை. ஐப்பசி மழையன்று குடையோடு போய் நின்றால் தெரிந்துவிடும்.

கட்டுமானத்தில் விட்டுவிடக் கூடாதது இரட்டைக் கதவு ஒன்றுதான். ஒரு கதவுக்குள் நுழைந்து, அதைச் சாத்தி, கயிற்றை அவிழ்த்து, பிறகு அடுத்த கதவைத் திறப்பது. ஒற்றைக் கதவு வைத்த இடத்தில் ஒருவர் நுழையும்போது இன்னொருவருடைய நாய் சாலைக்கு ஓடிவிடும். வேலி ஐந்தடி உயரம், அடியில் இடைவெளி இல்லாமல். சின்ன நாய்களுக்கெனத் தனியாக ஒரு தடுப்பு. தடுப்பூசி முடியாத குட்டிகளை உள்ளே விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். சூட்டில் இருக்கும் பெண் நாய், தின்பண்டம், பந்து ஆகியவையும் வெளியே இருக்கட்டும். பந்துக்காகத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

அங்கேயே இருக்கும் நாய்கள்

வீட்டு நாய்க்கு இடம் கேட்பவர்கள் மறந்துவிடும் ஒரு தரப்பு உண்டு. பூங்காவில் ஏற்கெனவே நான்கு தெருநாய்கள் இருக்கும். அவற்றுக்கு அது சொந்த ஊர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நாயையும் வேலி ஓரமாக ஓடிக் குரைத்து வரவேற்கும்; குரைப்புப் புகாரில் பாதி இதிலிருந்து வரும். அவற்றைப் பிடித்து வேறு எங்காவது விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த பகுதியிலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விதிவிலக்கு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு நவம்பர் 7 உத்தரவு வேறு. அங்கிருந்து அகற்றியவற்றை அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது. உங்கள் பூங்கா பள்ளிச் சுவரை ஒட்டி இருந்தால் இந்த வேறுபாட்டைப் பூங்காத் துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அதே ஆகஸ்ட் உத்தரவு தெருவில் கண்ட இடத்தில் சோறு வைப்பதைத் தடுத்து, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடத்தை நாய்ப் பூங்காவின் வாசலில் வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் சொல்வார். கூடாது. சோறு இருக்கும் இடத்தில் வீட்டு நாயும் தெருநாயும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது சோறு வைப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும். பூங்காவின் எதிர்க் கோடிக்குக் கொண்டு போங்கள். முதல் மாதச் செலவை வேலிக்குப் போடாமல் அந்த நான்கு நாய்களின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்தால் எதிர்ப்பாளர்களில் சிலர் அப்போதே உங்கள் பக்கம் வருவார்கள்.

தொண்ணூறு நாள்

ஒத்துக்கொள்ளத் தயங்கும் தெருவுக்குப் பொருத்தமானது சோதனைக் காலம். ஆனால் 'மூன்று மாதம் பார்ப்போம்' என்ற வாய்ப்பேச்சு போதாது; நம் ஊரில் தற்காலிகம் என்று வந்த எதுவும் போனதில்லை என்பதை எதிர்ப்பவர்கள் அறிவார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1979இல் சோதனையாகத் தொடங்கிய ஓலோன் நாய்ப் பூங்கா இன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டாரின் குரைப்புப் புகாரும் கூடவே இருந்து வந்திருக்கிறது. தீர்மானத்தை இப்படி எழுதுங்கள்:

"பூங்காவின் ____ மூலையில் ____ சதுர அடி இடம், ____ தேதி முதல் 90 நாட்களுக்கு மட்டும், காலை 8.30 முதல் 9.30 வரையும் இரவு 8 முதல் 9.30 வரையும், மாநகராட்சி உரிமமும் நடப்புத் தடுப்பூசிச் சான்றும் உள்ள நாய்களுக்குத் திறக்கப்படும். 90ஆம் நாள் இரவு பூட்டப்படும். பகுதி சபைக் கூட்டத்தில் புதிய தீர்மானம் நிறைவேறினால் மட்டுமே மீண்டும் திறக்கப்படும்."

தானாகப் பூட்டிக்கொள்ளும் அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது. தொடர வேண்டும் என்று நினைப்பவர்தான் மறுபடி உழைக்க வேண்டும். எதிர்ப்பவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலே பூட்டு விழும். இந்த வரியைப் படித்த பிறகு கையெழுத்துப் போட்ட கடும் எதிர்ப்பாளர்கள் உண்டு. தொடக்கத் தேதியைச் செப்டம்பரில் வையுங்கள், வடகிழக்குப் பருவமழை சோதனைக்குள் விழட்டும். மாசி மாதத்தில் நடத்திய சோதனை எதையும் நிரூபிக்காது.

புகார்ப் பதிவேடு ஒன்று காவலாளியிடம் இருக்கட்டும். எத்தனை புகார் என்று எண்ணாதீர்கள், எத்தனை வீடு என்று எண்ணுங்கள். ஒரே வீட்டிலிருந்து நாற்பது புகார் வந்தால் அந்த வீட்டின் ஜன்னல் பக்கம் ஏதோ கோளாறு, போய்ப் பாருங்கள். பத்து வீட்டிலிருந்து ஒவ்வொன்று வந்தால் திட்டத்திலேயே கோளாறு.

உரிமம் வாங்குவது கடினமில்லை. சென்னையில் ஆண்டுக்கு 50 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாத வீட்டு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் மாநகராட்சி முடிவெடுத்தது. கதவில் ஒரு பலகை மாட்டி அதில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: திறக்கும் நேரம், மாநகராட்சிப் புகார் எண் 1913, கடிபட்டால் செய்ய வேண்டியது. கடைசியானது இது: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கடித்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று அதன் சொந்தக்காரர் சொன்னாலும் போக வேண்டும்.

கடி நடந்துவிட்டால் சங்கம் பஞ்சாயத்துப் பேசி மூடி மறைக்கக் கூடாது. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291இல் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மருத்துவச் செலவை நாயின் சொந்தக்காரர் ஏற்பார் என்று நுழைவுப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கி வைத்திருங்கள். அன்று இரவே வேலியைப் பூட்டி, பூங்காத் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 'நம்ம தெரு விஷயம், நாமே முடிச்சுக்கலாம்' என்பவர் யாருடைய நாயைக் காப்பாற்றுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒன்று. சாவிக்காரருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்காமல் இது நடக்காது. அதை நாய் வளர்க்கும் வீடுகள் மட்டும் பங்கிட வேண்டும். பொது நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் அடுத்த பொதுக்குழுவில் வேறு எதையும் பேச முடியாது. தொண்ணூறாம் நாள் தீர்மானம் தோற்றுப்போனால் அன்றே பூட்டுங்கள், வேலியைக் கழற்றுங்கள், மீதிப் பணத்தைக் கணக்கோடு திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரட்டைக் கதவை மட்டும் விற்றுவிடாமல் பூங்கா ஸ்டோர் ரூமில் போட்டு வையுங்கள். அடுத்த சங்கத் தேர்தலுக்குப் பிறகு இதே மனு மறுபடி வரும்.